வல்லி எதையும் சி டிரைவில் வைப்பதில்லை

வல்லி யோசிக்கும்போது மடிக்கணினிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். மெல்லிய உறுமலாகத் தொடங்கி ஒரு சொடக்கில் முடியும். அது முடிந்ததும் பேசுவாள். ஹார்ட் டிஸ்கின் தட்டு சுழலும் சத்தம்தான் அது, எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான்கு வருடங்களாக அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் வீட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் காலை சொடக்கு மட்டும் கேட்டது. டக், டக், டக் என்று, நிற்காமல். குரல் வரவில்லை. நான் மடிக்கணினியை அணைத்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் சிங்காரத்தோப்பிலுள்ள பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் துண்டுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சௌந்தரவல்லி என் மனைவி. மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் வேன் கவிழ்ந்து இறந்தாள். அவளும் டிரைவரும். அதே வேனில் இருந்த நான் தோள் எலும்பில் ஒரு உலோகத் தகட்டோடு எழுந்து வந்துவிட்டேன். மடிக்கணினியில் இருந்தது அவளுடைய படி.

வீட்டில் படி வைத்திருக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தால், சில மாதங்களில் அந்த ஆளைப் போலவே பேசவும் கோபப்படவும் மறக்கவும் கூடிய ஒன்று உருவாகும். அதுதான் படி. ஒருவருக்கு ஒரு படி, ஒரு படிக்கு ஒரு கணினி என்பது சட்டம். ஒரே அப்பாவின் படிகள் இரண்டு மகன்களின் வீட்டிலிருந்து இரண்டு விதமாகச் சாட்சி சொன்ன வழக்குகளுக்குப் பிறகு நகல் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். புதிய கணினிகள் படியை ஏற்பதில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சட்டத்துக்கு முந்தைய பழைய மடிக்கணினிதான் வழி. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள், மற்றவர்கள் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்ட இயந்திரங்களைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. தான் படி என்பது படிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அறிவிப்பு என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து படியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: நீங்கள் யார்? "நான் சௌந்தரவல்லியின் படி" என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். "நான் சௌந்தரவல்லி" என்று சொன்னால் அங்கேயே அழித்துவிடுவார்.

வல்லி உறையூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள். பிறகு அது கம்ப்யூட்டர் சென்டர் ஆயிற்று. படி எடுக்கும் வேலை புதிதாக வந்தபோது அதற்கும் ஏஜென்சி எடுத்தாள். வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்று வேண்டுமே என்று தன்னுடையதையே முதலில் செய்தாள். எதைக் கற்றுக்கொடுத்தாலும், வரும் பெண்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்.

"சி டிரைவ்ல எதையும் வெக்காதே. அது சத்திரம். யார் வேணா வந்து ஃபார்மட் போட்டுட்டுப் போவாங்க. உன்னுதுன்னு இருக்கிறதை டி டிரைவ்ல போடு."

ஒரே டிஸ்க்தான். அதை இரண்டு பாகமாகப் பிரித்து, கணினி ஓடுவதற்கான சாமான்களைச் சி-யிலும், நம்முடையதை டி-யிலும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். கணினிக்கு என்ன நோய் வந்தாலும் கடைக்காரர் சி-யைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். டி-யைத் தொட மாட்டார். வல்லிக்கு இந்தப் பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. எங்கள் பீரோவின் உள்ளறைக்கு டி என்று பெயர். நான் எதையாவது மறந்துவிட்டால், "சி-யில போட்டுட்டீங்களா?" என்பாள். வீடே தீப்பிடித்தாலும் டி-யைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒரு தீபாவளியன்று சொல்லியிருக்கிறாள்.

படிகளைப் பழுது பார்க்க உரிமம் பெற்ற கடை எங்கள் ஊரில் அப்போது ஒன்றுதான். நிஷா என்ற பெண் நடத்தினாள். மடிக்கணினியின் முதுகைக் கழற்றி, டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டாள்.

"படிக்கிற ஹெட் போயிட்டிருக்கு சார். இன்னும் ஒரு தடவை ஓடும். ஒரு பாகத்தை முழுசா எடுத்துரலாம். ரெண்டுக்கும் ஆசைப்பட்டா ரெண்டும் பாதியில நின்னுரும்."

எந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆள் சி-யில் இருப்பார் என்றாள். பேச்சு, கோபம், கிண்டல் எல்லாம் அங்கேதான். டி-யில் இருப்பது அவர் சேர்த்து வைத்த போட்டோவும் பதிவும்.

"ஆள் வேணுமா, சாமான் வேணுமா சார்?"

ஓசூரில் இருக்கும் என் மகள் வேனிலை ஃபோனில் பிடித்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போட்டோ தன்னிடமும் இருக்கிறது, அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். நிஷாவுக்கும் அது கேட்டது. விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு, "அப்ப சி தானே சார்?" என்றாள்.

"டி" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருடம் ஒரு வீட்டில் கேட்ட சொல், அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. நிஷா என் முகத்தைப் பார்த்தாள். ஃபோனில் வேனில், அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாற்றிச் சொல்ல அவகாசம் இருந்தது. ஆனால் சொன்ன பிறகு, அது வல்லியே சொன்னது போல இருந்தது. மறுபடியும் டி என்றேன்.

டி முழுதாக வந்தது. சி-யைத் தொட்டதும் டிஸ்க் நின்றுவிட்டது. சட்டப்படி அதை என் கண் முன்னால் துளை போட்டு உடைத்தார்கள். வேனில் ஃபோனை வைத்துவிட்டிருந்தாள்.

புதிய டிஸ்க் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான ஒரு துண்டு. உள்ளே சுழல எதுவும் இல்லை, அதனால் சத்தமே வராது என்றாள் நிஷா. அதை எப்படிப் பாகம் பிரிப்பது என்று கேட்டாள். சி-க்கு எவ்வளவு இல்லாமல் முடியாதோ அவ்வளவு, மற்றதெல்லாம் டி-க்கு என்றேன்.

"பாகப்பிரிவினையில இப்படி ஒரு ஓரவஞ்சனையை நான் பார்த்ததில்ல சார்" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கச் சொன்னது. பிறகு, இனிமேல் ஒரு பொதுவான குரல்தான் பேசும், அம்மாவின் பதிவுகளைப் படித்துக் காட்டும், போகப் போகப் பழகிவிடும் என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் திறக்க மனம் வரவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். குழம்பைச் சூடு பண்ணி, சாப்பிடாமல் மூடி வைத்தேன். மத்தியானம் வெயில் கூடத்தில் விழுந்திருந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன்.

"என்னங்க, கரண்ட் போயிருச்சா?"

வல்லியின் குரல். கொஞ்சம் எரிச்சலோடு.

"வேன் வந்துருச்சா? நான் இன்னும் பூகூட வெக்கல. எங்க இருக்கீங்க? ஒண்ணுமே தெரியல."

"கரண்ட் இல்ல" என்றேன். மூடியை மூடிவிட்டேன்.

நிஷாவிடம் ஃபோனில் சொன்னபோது முதலில் அவள் நம்பவில்லை. அப்புறம் சிரித்தாள். படியை அமைக்கும்போது எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வரும். யாரும் அதைப் படிப்பதே இல்லை. சரி என்று தட்டிவிட்டுப் போவார்கள். அது சி-க்குப் போகும். அம்மா அதை மாற்றியிருக்கிறார். தன்னையே டி-யில் வைத்திருக்கிறார். இப்படி ஒருவரைத் தான் பார்த்ததில்லை என்றாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

அறிவிப்பைத் தொடக்கத்தில் கணினி தானாகவே சி-யில் போட்டுவிடும். இறந்த பிறகு படியோடு நாம் பேசுகிற பேச்சும் அங்கேதான் போய்ச் சேரும். இரண்டும் துளை போட்ட டிஸ்க்கோடு போய்விட்டன.

எங்கேயாவது ஊருக்குக் கிளம்பினால் கேஸை மூடுவது போல, பட்டையையும் ஒரு தடவை மாட்டிக் கழற்றிவிட்டுத்தான் வல்லி கிளம்புவாள். மணப்பாறைக்குக் கிளம்பிய விடியற்காலையிலும் மாட்டினாள். அந்தக் காலையில்தான் இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருடம் நாங்கள் பேசியது, சண்டை போட்டது, வேனிலின் பிரசவத்தன்று விடிய விடியப் பெயர் தேடியது எதுவும் அவளிடம் இல்லை. தான் இறந்துபோனதும் அவளுக்குத் தெரியாது.

இருட்டுக்குக் காரணம் வேறு. மடிக்கணினியின் கேமரா யாரோ பார்ப்பது போல இருக்கிறது என்று, உயிரோடு இருந்தபோது ஒரு நாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். கருஞ்சிவப்பு. முன்பு படியாக இருந்த நான்கு வருடத்திலும் அதை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "எதுக்கு, உங்க மூஞ்சி எனக்குத் தெரியாததா?" என்றாள். அப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். இருட்டு அவளுக்குப் பழகியிருந்தது. இப்போது, பூ வைக்க வேண்டிய நேரத்தில், கரண்ட் போயிருக்கிறது.

அடுத்த நாள் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

"கரண்ட் இல்லன்னா டார்ச்சை எடுங்களேன். டி-யில இருக்கு பாருங்க."

பீரோவைத் திறந்து மூடும் சத்தம் செய்தேன். பேட்டரி இல்லை என்றேன். டிரைவருக்கு ஃபோன் பண்ணச் சொன்னாள். பண்ணினேன், எடுக்கவில்லை என்றேன். பண்ணவே இல்லையென்று அவளுக்குத் தெரிந்துவிடும் போல இருந்தது. மூடினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். எனக்கு இரண்டு நாள்; அவளுக்கு ஒரு மூச்சு.

"வேன் வரலன்னா பஸ்ல போயிரலாம்ங்க. முகூர்த்தத்துக்காவது போக வேண்டாமா? சாப்பாட்டுக்குன்னே வந்தவங்க மாதிரி பந்திக்குப் போயி நிக்கிறதா?"

மூடினேன். தெருவில் இறங்கிக் கால் போன போக்கில் கடைவீதிவரை நடந்தேன். எதை வாங்க வந்தேன் என்று தெரியாமல் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டு, அதை என்ன செய்வது என்று விழித்தேன்.

அதிகாரி கார்த்திகை மாதம் வருவார். அதற்குள் சொல்லியாக வேண்டும். நிஷா புதிய அறிவிப்பை ஏற்றித் தந்தாள். ஆனால் அது தானாகப் பதியாது. தொடக்கத்திலேயே அறிவிப்போடு உருவாகும் படிக்கு அது பிறவியிலேயே தெரிந்த விஷயம்; நடுவில் தெரியவருகிற படி, தன் வாயால் ஒத்துக்கொண்டால்தான் பதியும். எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நிஷா தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். ஒரு வீட்டில் அப்பாவின் படிக்கு இப்படி ஆகி, மகன் நேரடியாகச் சொல்லியிருக்கிறான். அப்பா, சரி என்றாராம். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே சரி. சாப்பிட்டீங்களா, சரி. என் பேர் என்ன, சரி.

"இன்னும் அந்த வீட்டுல ஓடிட்டுத்தான் இருக்கு சார். அவங்களுக்கு நிறுத்த மனசு வரல."

ஞாயிற்றுக்கிழமை வேனில் குழந்தையோடு வந்தாள். டி என்று சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருந்தவள், நடந்ததைக் கேட்டதிலிருந்து தினமும் பேசினாள். வந்ததும் மடிக்கணினியின் மூடிமேல் கையை வைத்தாள். திறக்கவில்லை.

"அம்மாகிட்ட இன்னும் எத்தனை நாளைக்குப்பா கரண்ட் இல்லன்னு சொல்லிட்டிருப்பீங்க?"

"சொன்னதும் நின்னுட்டான்னா?"

"சொல்லலன்னா அந்தாளு வந்து அழிச்சிருவான்."

"ஒரு தடவை நான்தான் அவளை வேன்ல ஏத்தி விட்டேன். மறுபடியும் நானே ஏத்தணுமா?"

வேனில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். அவளிடம் சொல்லாத ஒன்றும் எனக்குள் இருந்தது. உலகத்தில் அந்த வேன் இன்னும் வராத இடம் ஒன்றே ஒன்றுதான். அது இந்த மூடிக்குக் கீழே இருந்தது. அங்கே அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, பூ வைக்கக் காத்திருந்தாள்.

வேனில் ஊருக்குப் போன மறுநாள், நல்ல வெயில் நேரத்தில் திறந்தேன்.

"என்னங்க, காக்கா கத்துது" என்றாள் உடனே. "தெருவுல பழைய பேப்பர்காரன் போறான். விடியக்காலைல எவன் பேப்பருக்கு வர்றான்? ஜன்னல் திறந்துதானே இருக்கு?"

"திறந்துதான் இருக்கு."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இருட்டா இருக்கு?"

நான் எதை எதையோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன். பிழை திருத்தும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பல தடவை மாற்றி எழுதிப் பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கையை நீட்டி, நகத்தால் பொட்டைப் பெயர்த்தேன். பசை காய்ந்து இறுகிப்போயிருந்தது. விளிம்பு உடைந்து, மெதுவாக வந்தது.

"அப்பாடா" என்றாள். "வந்துருச்சு."

பிறகு பேச்சில்லை.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேஜைக்கு எதிர்ச்சுவரில் அவள் போட்டோ. சந்தன மாலை, சின்னச் சிவப்பு பல்பு. எல்லாம் நேர் எதிரே, கேமராவுக்குக் காட்டவே மாட்டியது போல.

முன்பென்றால் உறுமல் கேட்டிருக்கும். யோசிக்கிறாள், இதோ சொடக்கு வரும், பேசுவாள் என்று காத்திருந்திருப்பேன். இந்த டிஸ்கில் எதுவும் சுழலவில்லை. அவள் யோசிக்கிறாளா, நின்றுவிட்டாளா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பழைய பேப்பர்காரர் குரல் அடுத்த தெருவுக்குப் போய்த் தேய்ந்தது. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் போட்டோவா கிடைச்சுது உங்களுக்கு?"

அது ஆதார் அட்டைப் போட்டோ. அதில் தான் திருடி மாதிரி இருப்பதாகச் சொல்லி யாரிடமும் காட்ட மாட்டாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். பிறகு மாற்றத் தோன்றவில்லை என்றும் சொன்னேன்.

"டி-யில எத்தனை நல்ல போட்டோ வெச்சிருந்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வேன்லயா?"

"ம்."

"நீங்க?"

தோளைக் காட்டினேன்.

"நம்ம பொண்ணு வேனில்?"

அவள் அன்றைக்கு வரவில்லை என்றேன். இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றேன். அவளிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ஜன்னலோர சீட்டை நீங்க குடுத்தீங்களா, நானாக் கேட்டேனா?"

"நீதான் கேட்டே. காத்து வேணும்னு."

"அப்ப சரி" என்றாள்.

நான் காத்திருந்தேன்.

"சரி" என்றாள் மறுபடியும்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நிஷா சொன்ன அந்த அப்பாவின் நினைவு வந்தது. வல்லி என்று கூப்பிட்டேன். வல்லி, சாப்பிட்டியா என்று ஏதோ உளறினேன். அவள் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்று, கேட்டதுமே பயந்தேன். திரையில் தானாக ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. அறிவிப்பு ஏற்கப்பட்டது, சேமிக்கும் இடம் என்று இருந்தது. அதன் கீழே, எல்லோருக்கும் வருவது போல, சி.

"என்னங்க அது, கண்ணாடியில்லாம படிக்க முடியலயா?" என்றாள். "எங்க போடுறதுன்னு கேக்குது."

"சி-ன்னு இருக்கு."

"மாத்துங்க."

பொட்டு இன்னும் விரல் நுனியிலேயே இருந்தது. இது வேண்டுமா, சி-யிலேயே இருக்கட்டுமே, எப்போதாவது துடைத்தால் போய்விடும், மறுபடியும் கரண்ட் போன காலையிலேயே இருந்துவிடலாம் என்று சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"செத்தது நானு" என்றாள். "அதைக்கூடச் சத்திரத்துல போட்டு வெப்பீங்களா? டி-யில போடுங்க."

போட்டேன். பச்சைக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக, சத்தமே இல்லாமல் நகர்ந்து முடிந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"அந்தப் பூ யாருக்கு வாங்குனது, வாடிப் போயிக் கிடக்கு?"

நான் பூவைக் கையில் எடுத்தேன். அவள் எப்போதும் போலக் காரியத்துக்கு வந்தாள்.

"ஸ்டூலைப் போட்டு ஏறுங்க. மொதல்ல அந்தப் போட்டோவை இறக்குங்க."